பதினெட்டு வயதில் பாரிஸ்டர் படிப்பு



காந்தியடிகள் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரூபாய் நோட்டில் சிரிக்கிற பொக்கை வாய்த் தாத்தா. அக்டோபர் 2 விடுமுறை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கைத்தடியோடு நிற்கிற சிலை. ஏதோ பிறக்கும்போதே மகாத்மாவாகப் பிறந்துவிட்டார் என்கிற மாதிரிதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஆனால் அவருக்கும் நம்ம வயசு ஒண்ணு இருந்தது. அவருக்கும் மார்க் குறைந்தது. எந்தப் படிப்பில் சேருவது என்று அவரும் திணறினார். பணத்துக்கு அலைந்தார். ஒரு பாடத்தில் அரியர்கூட வைத்தார். நம்ப முடிகிறதா?

ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். காந்தியடிகளின் சட்டப் படிப்புக் கதையை மட்டும் எழுதுகிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். காரணம் உண்டு. 1888-ல் அவர் சீமைக்குக் கப்பல் ஏறியபோது வயது பதினெட்டு. எனக்கும் இப்போது பதினெட்டு.

ஐந்தாம் வகுப்பு அப்பா

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்தார். அப்பா கரம்சந்த் காந்தி போர்பந்தர் சமஸ்தானத்தின் திவான். பெரிய பதவிதான். ஆனால் அவர் படித்தது குஜராத்தியில் ஐந்தாம் வகுப்பு அளவுக்குத்தான். அம்மா புத்லிபாய் விரதமும் பூஜையுமாக வாழ்ந்தவர். மோகன்தாஸுக்குப் பதிமூன்று வயதிலேயே கஸ்தூரிபாவோடு கல்யாணம் ஆகிவிட்டது. 1885-ல் அப்பா காலமானார். அதற்குப் பிறகு வீட்டுப் பாரமெல்லாம் அண்ணன் லட்சுமிதாஸ் தலையில்.

1887 நவம்பரில் மோகன்தாஸ் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதினார். மொத்தம் 625 மார்க்குக்கு அவர் வாங்கியது 247½. கணக்குப் போட்டால் 40 சதவீதம்கூட முழுசாக வரவில்லை! மறு ஆண்டு ஜனவரியில் பாவ்நகரில் உள்ள சாமள்தாஸ் கல்லூரியில் பி.ஏ. படிக்கச் சேர்ந்தார். ஆசிரியர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முதல் டெர்ம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் படித்துவிட்டு இங்கே முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து பார்த்துத் திகைத்த நம் நண்பர்களுக்கு இது நல்லாவே புரியும்.

குடும்ப நண்பரின் யோசனை

இந்த நேரத்தில்தான் மாவ்ஜி தவே என்கிற பெரியவர் வீட்டுக்கு வந்தார். குடும்பத்துக்கு நெடுநாள் நண்பர், ஆலோசகர். அவர் போட்ட கணக்கு இதுதான். பி.ஏ. முடிக்க நாலைந்து வருஷம் ஆகும். முடித்தாலும் மாதம் அறுபது ரூபாய் உத்தியோகம் கிடைத்தால் பெரிசு. அதற்கு மேலே சட்டம் படிக்கலாம் என்றால் இன்னும் சில வருஷம். அதற்குள் ஊரெல்லாம் வக்கீல்களாக நிறைந்துவிடுவார்கள். அப்பா வகித்த திவான் பதவி பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால் பையனை இங்கிலாந்துக்கு அனுப்புங்கள். அங்கே பாரிஸ்டர் ஆவது சுலபம். மூன்றே வருஷம். செலவு நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது.

மோகன்தாஸுக்கு மனசுக்குள்ளே வேறு ஓர் ஆசை இருந்தது. டாக்டருக்குப் படிக்க அனுப்ப முடியாதா என்று கேட்டுப் பார்த்தார். பிணத்தை அறுக்கிற தொழில் நம் வைஷ்ணவக் குடும்பத்துக்கு ஆகாது, அப்பாவும் விரும்பவில்லை என்று அண்ணன் தடுத்துவிட்டார். டாக்டர் ஆனால் திவான் ஆக முடியாது என்றார் பெரியவர். முடிவாகிவிட்டது, சட்டம்தான்!

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் என்றால் என்ன, அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள், முடித்த பிறகு நம் ஊர்க் கோர்ட்டில் அது எதற்கு உதவும் என்று அந்தக் கூடத்தில் ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, என்ன பதவி என்ற மூன்று கேள்விதான். நம்ம வீட்டிலும் பத்தாவது ரிசல்ட் வந்த அன்று கேட்டது இந்த மூன்றுதானே?

அலைச்சலோ அலைச்சல்

யோசனை சொல்வது சுலபம். பணம்? போர்பந்தர் சமஸ்தானத்தை அப்போது லேலி என்ற ஆங்கிலேய அதிகாரி நிர்வகித்து வந்தார். அவரிடம் உதவி கேட்கலாம் என்று மோகன்தாஸ் ராஜ்கோட்டிலிருந்து மாட்டுவண்டியில் கிளம்பி, பாதி வழியில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே என்று ஒட்டகத்தில் ஏறிப் போனார். என்ன பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு, குனிந்து இரண்டு கையாலும் சலாம் வைத்தார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த துரை, முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வா, இப்போது உதவி கிடையாது என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அவ்வளவுதான் இன்டர்வியூ! கஸ்தூரிபாவின் நகைகளை விற்கலாமா என்றுகூட மோகன்தாஸ் நினைத்தார். கடைசியில் எப்பாடு பட்டாவது பணம் புரட்டுகிறேன் என்று அண்ணன்தான் பொறுப்பை ஏற்றார்.

அம்மாவுக்கு வேறு பயம். சீமைக்குப் போனவர்கள் குடித்துக் கெட்டுப் போவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். பேச்சர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவியின் முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

பம்பாய்க்குப் போனால் அங்கே சாதிப் பஞ்சாயத்து கூடியது. கடல் தாண்டுவது மதத்துக்கு விரோதம், போகக்கூடாது என்றார்கள். போயே தீருவேன் என்றார் இந்தக் கூச்ச சுபாவமுள்ள பையன். உடனே சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவி செய்கிறவருக்கும், கப்பலடிக்கு வழியனுப்பப் போகிறவருக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம்! படிப்புப் பணத்தை மைத்துனரிடம் கொடுத்து வைத்திருந்தார் அண்ணன். சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து மைத்துனர் பணத்தைத் தர மறுத்துவிட்டார். குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, 1888 செப்டம்பர் 4-ம் தேதி கப்பல் ஏறினார். ஊரில் அழுதுகொண்டு இருந்தவர்கள் அம்மாவும், கைக்குழந்தையோடு கஸ்தூரிபாவும்.

சாப்பிட்டால் பாஸ்!

அந்தக் காலத்தில் லண்டனில் பாரிஸ்டர் ஆவதற்கு நம்ம ஊர்ச் சட்டக் கல்லூரி மாதிரி ஒரு கல்லூரி இல்லை. இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் என்று நான்கு பழைய சங்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் மாணவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பி.ஏ. பட்டம் கட்டாயம் இல்லை. மோகன்தாஸ் 1888 நவம்பர் 6-ம் தேதி இன்னர் டெம்பிளில் சேர்ந்தார்.

பாரிஸ்டர் பட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பரீட்சை. இன்னொன்று, பன்னிரண்டு டெர்ம் முடிப்பது, அதாவது ஏறக்குறைய மூன்று வருஷம். டெர்ம் முடிப்பது என்றால் என்ன தெரியுமா? சங்கத்து மண்டபத்தில் நடக்கும் விருந்துக்குப் போய் உட்கார வேண்டும்! ஒரு டெர்மில் சுமார் இருபத்துநாலு விருந்து; குறைந்தது ஆறுக்காவது வர வேண்டும். நமக்கு அட்டெண்டன்ஸ் பர்சென்டேஜ். அங்கே சாப்பாட்டுக் கணக்கு. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்களாம். மோகன்தாஸ் குடிக்கமாட்டார் அல்லவா? அவர் இருக்கிற மேஜையில் மற்ற மூன்று பேருக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் அவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்கப் போட்டி!

பரீட்சையும் பயப்படும்படி இல்லை. ரோமன் சட்டம் ஒன்று, இங்கிலாந்தின் பொதுச் சட்டம் ஒன்று. குறிப்புப் புத்தகத்தை இரண்டு மாதம் புரட்டிவிட்டுப் பாஸ் செய்கிறவர்கள் நிறையப் பேர். மாவ்ஜி தவே சொன்னது சரியாகத்தான் இருந்தது. சுலபம்தான்.

ஆனால் மோகன்தாஸுக்கு அது உறுத்தியது. இவ்வளவு சுலபமாக வருவது மட்டும் போதுமா என்று நினைத்தார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பற்றி விசாரித்தார். அதிகச் செலவு, நீண்ட காலம். அது முடியாது. நண்பர் ஒருவர் சொன்னபடி லண்டன் மெட்ரிகுலேஷன் எழுதத் தீர்மானித்தார். லத்தீனும் இன்னொரு மொழியும் கட்டாயம். முதல் தடவை லத்தீனில் கோட்டை விட்டார்! மனம் தளரவில்லை. விஞ்ஞானத்தில் வேதியியலை விட்டுவிட்டு வெப்பமும் ஒளியும் என்கிற பகுதியை எடுத்துக்கொண்டு, மறுபடி எழுதி 1890-ல் பாஸ் செய்தார். அப்ளைடு பிசிக்ஸ் பேப்பரில் தவிக்கிற தோழர்கள் இதை மனசில் வச்சுக்கணும்.

அண்ணன் கடன் வாங்கி அனுப்புகிற பணம் என்ற நினைப்பு வந்ததும் வாழ்க்கையையும் மாற்றிக்கொண்டார். ஒற்றை அறைக்குக் குடிபோனார். காலையில் ஓட்ஸ் கஞ்சியைத் தானே காய்ச்சினார். பஸ்ஸுக்குக் கொடுக்காமல் நடந்தார். தபால் தலை வாங்கிய காசு வரை கணக்கு எழுதினார்.

சட்டப் பாடத்திலும் குறிப்புப் புத்தகத்தை நம்பவில்லை. ரோமன் சட்டத்தை லத்தீன் மூலத்திலேயே படித்தார். இங்கிலாந்துப் பொதுச் சட்டத்துக்கு ஒன்பது மாதம் கடுமையாக உழைத்தார். 1891 ஜூன் 10-ம் தேதி பாரிஸ்டர் ஆனார். 11-ம் தேதி ஹைகோர்ட்டில் பெயரைப் பதிவு செய்தார். 12-ம் தேதி கப்பல் ஏறிவிட்டார். ஒரு நாள்கூடத் தங்கவில்லை!

பட்டம் வந்தது, வேலை வரவில்லை

பம்பாயில் இறங்கியதும் முதல் அடி. அம்மா இறந்துபோயிருந்தார். சீமையில் தனியாக இருக்கிற பிள்ளை தாங்கமாட்டான் என்று அண்ணன் தகவலே சொல்லாமல் வைத்திருந்தார்.

அடுத்த அடி தொழிலில். இந்து சட்டம், முகமதிய சட்டம் எதுவும் லண்டனில் சொல்லித் தரவில்லை. ஒரு பிராது எழுதக்கூட அவருக்குத் தெரியாது. பம்பாய் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்மணிக்காக முதல் வழக்கு. பீஸ் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார். தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டார். அந்த இன்னொரு வக்கீலுக்குக் கொடுத்தது ஐம்பத்தொரு ரூபாய்!

இனி ஒரு விஷயம் சொல்கிறேன். என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். பிழைப்புக்கு வழி தேடி, ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டார். தினம் ஒரு மணி நேரம், சம்பளம் எழுபத்தைந்து ரூபாய். ஆசையோடு போனார். நீங்கள் பி.ஏ. இல்லையே, பட்டதாரிதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன் பாஸ், லத்தீனும் படித்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். பிரயோஜனம் இல்லை. எந்த பி.ஏ.-வைச் சுற்றிக்கொண்டு போக லண்டனுக்குக் கப்பல் ஏறினாரோ, அதே பி.ஏ. திரும்பி வந்து வாசலில் நின்றது!

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பா எட்டாவது, அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. எங்க மாமாதான் எங்களுக்கு மாவ்ஜி தவே. பிளஸ் டூ, காலேஜ் என்று போனால் ஆறு வருஷம், பாலிடெக்னிக் என்றால் மூணு வருஷம், கையில் டிப்ளமோ, அடுத்த மாதமே சம்பளம் என்றார். அதனால்தான் மெக்கானிக்கலில் சேர்ந்தேன். அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. லேத்தில் முதல் ஜாப்பை அளவு மாறாமல் முடித்தபோது வந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். ஆனால் இப்போது கடைசி வருஷம். கேம்பஸில் வேலை கிடைத்தால் போவதா, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேருவதா? வீட்டில் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தங்கச்சி அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். என் முதல் சம்பளத்தை மனசில் வைத்துத்தான் அப்பா அவள் படிப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். காந்தியடிகளுக்காவது திவான் வீட்டுப் பெயர் இருந்தது, கடன் கொடுக்க ஆள் இருந்தது. நமக்கு அது இல்லை. அதனால் நாம் இன்னும் நிதானமாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

புரோநோட்டும் பாலசுந்தரமும்

பம்பாயில் செலவு தாங்காமல் காந்தியடிகள் ராஜ்கோட்டுக்கே திரும்பினார். மனு எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு ரூபாய் வரை சம்பாதித்தார். அப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் வியாபாரம் செய்த தாதா அப்துல்லா கம்பெனியிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருஷ வேலை. 105 பவுன் சம்பளம், போக வர முதல் வகுப்புக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு. 1893-ல் போனார். அந்த வருஷம் ஜூனில் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து அவரைக் கீழே தள்ளியது நாம் எல்லோரும் படித்ததுதான்.

நாம் படிக்காதது ஒன்று உண்டு. அவர் பார்க்கப் போன வழக்கு 40,000 பவுன் சம்பந்தப்பட்டது. முழுக்க முழுக்க வியாபாரக் கணக்கு. பாரிஸ்டருக்கோ கணக்கு தெரியாது! பி. நோட்டு, பி. நோட்டு என்று குமாஸ்தாக்கள் பேசினால் அது என்னவென்று புரியவில்லை. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நல்லாவே தெரிந்த புரோநோட்டுதான் அது. வெட்கப்படாமல் குமாஸ்தாவிடம் கேட்டார். கணக்குப் பதிவுப் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். வழக்கின் கட்டு முழுவதையும் வரி விடாமல் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, எதிர்க்கட்சிக்காரர் தாதா அப்துல்லாவின் சொந்தக்காரர், வக்கீல் பீஸ் இரண்டு பேரையும் விழுங்குகிறது என்று. மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். ஆனால் தோற்றவர் 37,000 பவுனையும் செலவையும் ஒரே தடவையில் கட்டினால் திவாலாகிவிடுவார். பல தவணையாக வாங்கிக்கொள்ளும்படி தாதா அப்துல்லாவையும் இணங்க வைத்தார். வக்கீல் வேலை என்றால் என்ன என்று தனக்கு அந்த வருஷம்தான் புரிந்தது என்பது அவருடைய கருத்து. இன்னர் டெம்பிளில் இல்லை, பிரிட்டோரியாவில்!

பிறகு நேட்டாலில் தொழில் செய்ய மனுப் போட்டார். அது இன்னொரு அட்மிஷன் போராட்டம். வெள்ளை வக்கீல்கள் சங்கம் எதிர்த்தது. சான்றிதழின் அசல் எங்கே என்றார்கள். உண்மைக் காரணம் நிறம்தான். சட்டத்தில் நிறம் பற்றிப் பேச்சில்லை என்று தலைமை நீதிபதி ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். 1894 செப்டம்பர் 3-ம் தேதி அனுமதி கிடைத்தது.

சில மாதத்தில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்துப் பல் உடைந்து, கந்தல் துணியோடு, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். காந்தியடிகள் அவரை முதலில் டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டு ஓடினால் சிறை என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்துக்குள்ளேயே வழி தேடி, பாலசுந்தரத்தை வேறு ஒரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். மமிபாய் வழக்கில் வாய் திறக்காத அதே பாரிஸ்டர்தான்! இந்தச் செய்தி ஒப்பந்தக் கூலிகள் மத்தியில் பரவி, சென்னை மாகாணம் வரை எட்டியது.

1922-ல் அவர் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். அந்த ஆண்டே இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. 1988-ல், இறந்து நாற்பது ஆண்டு கழித்து, மறுபடி சேர்த்தது. கடன் வாங்கி, சாதியை விட்டு, கடல் தாண்டி வாங்கிய அந்தப் பட்டம் இல்லாமலேயே அவர் கடைசி இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தார். பட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் நேட்டால் கோர்ட்டுக்குள் நுழைந்திருக்க முடியாது. பாலசுந்தரத்துக்கு அந்தக் கதவும் திறந்திருக்காது.

இறுதியாண்டுத் தோழர்களே! அடுத்த சில மாதத்தில் நம்மில் பலர் ஒரு முடிவு எடுக்கப் போகிறோம். எத்தனை வருஷம், எவ்வளவு செலவு என்று கேட்போம். அதோடு அங்கே என்ன சொல்லித் தருவார்கள், என்ன சொல்லித் தரமாட்டார்கள் என்பதையும் கேட்போம். சேர்ந்து வெளியே வந்த சீனியர் ஒருவரிடமாவது போய் விசாரிப்போம். வேலைக்குப் போகிறவர்கள் புத்தகத்தை மூட வேண்டாம். மேலே படிக்கப் போகிறவர்கள் வீட்டில் வாங்குகிற கடனுக்கு ஓட்ஸ் கஞ்சிக் கணக்கு எழுதட்டும். நானும் தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கணக்கை அப்பாவோடு பேசப் போகிறேன்.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் மாணவர் பேரவை!